ஆறு பேருக்கு ஒரு வண்டி: எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா. மூணாவது வரிசையில யாரை உட்கார வைப்பீங்க?

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டு வருசமா இங்க படிச்சுட்டுத்தான் இருக்கேன், இப்பத்தான் முதல் தடவையா இழை ஆரம்பிக்கறேன். தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

வீட்ல ஆறு பேர். நான், மனைவி, 9 வயசுல பொண்ணு, 3 வயசுல பையன், அப்பா, அம்மா. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் வலி. இப்ப இருக்கறது ஒரு பழைய ஹேட்ச்பேக். ஆறு பேரும் போகணும்னா பையன் அம்மா மடியில, பொண்ணு நடுவுல ஒடுங்கிட்டு. போன மாசம் தாராபுரம் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து அம்மா "இனி நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன் சாமி"ன்னு சொல்லிட்டாங்க. அப்பத்தான் முடிவு பண்ணினேன்.

ஓட்டம்: தினமும் கம்பெனிக்குப் போக வர 12 கி.மீ. அவ்வளவும் ஊருக்குள்ள. மாசம் ஒருக்கா கோயில். வருசத்துக்கு ரெண்டு தடவை சென்னை. ஒரு தடவையாவது வால்பாறை இல்லைன்னா கொடைக்கானல்.

பட்ஜெட் ஆன் ரோடு 16 லட்சம், ரொம்ப இழுத்தா 19. மச்சான் "எடுத்தா இன்னோவா, இல்லைன்னா எதுவும் வேண்டாம்"ங்கறார். பக்கத்து வீட்டுக்காரர் எர்டிகா வச்சிருக்கார், மைலேஜைப் பத்தி ஆரம்பிச்சார்னா நிறுத்தவே மாட்டார். எனக்கு கேரன்ஸ் மேல ஒரு கண்ணு. மலையேறணும், அம்மா ஏறி இறங்கணும், புள்ளைங்க பத்திரமா இருக்கணும். எது?

வைகைவாசி (மதுரை)

எர்டிகாவ கண்ண மூடிட்டு எடுங்கண்ணே. நாம எடுத்து அஞ்சு வருசமாச்சு, 90 ஆயிரம் கி.மீ. ஆயில் மாத்துறது, பிரேக் பேடு, டயரு, அவ்வளவுதேன் செலவு. கம்பெனி சொல்ற லிட்டருக்கு 20.51 கி.மீ. எல்லாம் வராது. ஊருக்குள்ள 13, 14. பைபாஸ்ல 80ல நிதானமா போனா 18 தாராளமா வரும். தினமும் 12 கி.மீ.க்கு டீசல் எடுத்தீங்கன்னா காசப் புடிச்ச கேடு, அம்புட்டுதேன் சொல்வேன்.

மலைப்பாதை72 (நாமக்கல்)

வைகைவாசி அண்ணன் சொல்றது பைபாஸுக்குச் சரி. மலைக்கு வாங்க பேசுவோம்.

எர்டிகாவில இருக்கறது 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. 103 பிஎஸ் (குதிரைசக்தி), 137 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை பலம். வெற்று வண்டி சுமார் 1,200 கிலோ. அதுல ஆறு பேர், பேக்கு, ஏசி எல்லாம் சேர்த்தா இன்னும் 450 கிலோ ஏறும். அந்த என்ஜின் டார்க்கைக் கொடுக்கறது ஆர்பிஎம் மேல போனப்புறம்தான். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. அங்க ஒவ்வொரு திருப்பத்துலயும் வேகம் செத்துப்போகும். ரெண்டாவது கியர்ல திணறும், முதல் கியர் போட்டா அலறும். ஏறாதுன்னு சொல்லவே மாட்டேன், கண்டிப்பா ஏறும். ஆனா பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சுட்டே வருவான். சிலர் ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஏத்தறதும் உண்டு.

கேரன்ஸ் டீசல் 1.5தான், ஆனா 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 ஆர்பிஎம்லயே வந்துடும். ரெண்டாவது கியர்லயே வளைவு திரும்பி அப்படியே எழுந்துக்கும். இன்னோவா கிரிஸ்டா 2.4 டீசல் மேனுவல் 343 நியூட்டன் மீட்டர், 150 பிஎஸ். அதுக்கு மலைன்னா சமதளம் மாதிரி. குறை ஒண்ணு: ஏணி மாதிரி சட்டத்து மேல உடலை வச்ச வண்டி, உயரமும் அதிகம். வளைவுல கொஞ்சம் வேகமாப் போனா ஆள் ஆடும். பின்னாடி இருக்கறவங்களுக்கு வாந்தி வரும், ஓட்டறவருக்குத் தெரியாது.

சும்மாஒருத்தன்

வருசத்துக்கு மூணு ட்ரிப்புக்கு 16 லட்சமா? இருக்கிற காரையே ஓட்டுங்க, ஊருக்குப் போறப்ப டிராவல்ஸ்ல ஏழு சீட்டர் எடுங்க. டிரைவர் பாத்துப்பார், நீங்க பின்னாடி தூங்கலாம்.

நொய்யல்கரை

அதையும் யோசிச்சேனுங்க. ஆனா பையனுக்கு நினைச்சப்ப சளி புடிக்கும், அப்பாவுக்கு மாசா மாசம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் போன் பண்ணி வண்டி கேட்டுட்டு நிக்க முடியாதுங்க.

மலைப்பாதை அண்ணா, டீசல்னா இந்தத் தினசரி 12 கி.மீ. ஒத்துவருமா?

மலைப்பாதை72

நல்ல கேள்வி. உண்மையைச் சொல்லிடறேன், ஒத்துவராது. பிஎஸ்6 புகை விதிப்படி வர்ற டீசல் வண்டியில சைலன்சர் வழியில டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, கரித்தூளைப் பிடிச்சு வைக்கும். பிடிச்சதை எரிச்சுச் சுத்தம் பண்ண அது நல்லா சூடாகணும். கால் மணி, அரை மணி தொடர்ந்து ஓரளவு வேகத்துல ஓடினாத்தான் அந்தச் சூடு வரும். ஆறு கி.மீ. போய் நிறுத்தி, சாயங்காலம் ஆறு கி.மீ. வந்து நிறுத்தினா எப்பவுமே வராது. டேஷ்போர்டுல விளக்கு எரிய ஆரம்பிக்கும். வாரத்துக்கு ஒருநாள் அவினாசி ரோட்டுல அரை மணி நேரம் விரட்டிட்டு வர்றேன்னா டீசல் எடுங்க. இல்லைன்னா கேரன்ஸ்ல 1.5 டர்போ பெட்ரோல் பாருங்க. 160 பிஎஸ், மலையில குறையே சொல்ல முடியாது. ஊருக்குள்ள மைலேஜ் 10 வந்தாலே சந்தோசப்படணும், அதுதான் விலை.

டேஷ்போர்டுடாக்டர் (சென்னை)

பாதுகாப்பைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. நான் ஆரம்பிக்கிறேன், நீளமா இருக்கும்.

முதல்ல நட்சத்திரக் கணக்கு. எர்டிகா 2019ல குளோபல் என்கேப்ங்கற மோதல் சோதனையில அஞ்சுக்கு 3 நட்சத்திரம் வாங்கிச்சு. 2024ல கடுமையாக்கின விதிமுறையில மறுபடி மோதிப் பார்த்தாங்க. பெரியவங்களுக்கு 1, குழந்தைகளுக்கு 2. சோதிச்சது ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போற வண்டி, ஏர்பேக் ரெண்டுதான். 2025ல இருந்து இங்க எல்லா எர்டிகாவுலயும் 6 ஏர்பேக் வந்தாச்சு. அதுக்காக நிம்மதியாத் தூங்கிடாதீங்க. ஏர்பேக் எண்ணிக்கை கூடினா கூடு பலமாகாது, ரெண்டும் வேற வேற சமாச்சாரம்.

கேரன்ஸ் கதை இன்னும் சுவாரசியம். ஆரம்பத்துலயே 6 ஏர்பேக், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், வண்டி சறுக்காமப் பிடிக்கிற ஈஎஸ்சி எல்லாம் எல்லா மாடல்லயும் கொடுத்தாங்க. இருந்தும் 2024 சோதனையில முதல்ல தயாரான வண்டி பெரியவங்க பாதுகாப்புல பூஜ்யம். ஓட்டுநரோட கழுத்துக்கு ஆபத்துன்னு முடிவு வந்துச்சு. அப்புறம் திருத்தின வண்டி 3 வாங்கிச்சு, குழந்தைகளுக்கு 5. அதனால பழைய கேரன்ஸ் வாங்கறவங்க தயாரிப்புத் தேதியைப் பாக்காம வாங்காதீங்க.

இன்னோவாவுல புதுசா வந்த ஹைக்ராஸ், இந்தியாவோட பாரத் என்கேப் சோதனையில 2025ல 5 நட்சத்திரம். அது உங்க பட்ஜெட்டுக்கு எட்டாது. வண்டி விலை 20 லட்சம் தாண்டினா தமிழ்நாட்டுல வாழ்நாள் வரியே 20 சதவீதம்.

இனிமே சொல்றதுதான் முக்கியம். இந்தச் சோதனையில முன்மோதலுக்கு வண்டியை மணிக்கு 64 கி.மீ.ல ஓட்டி, முன்பக்கத்துல ஒரு பகுதியை மட்டும் தடுப்புல மோத விடுவாங்க. பெரியவங்க அளவு பொம்மை ரெண்டும் முன் சீட்டுல இருக்கும். குழந்தைப் பொம்மை ரெண்டும் ரெண்டாவது வரிசையில குழந்தை சீட்டுல இருக்கும். மூணாவது வரிசை? காலி. பின்னாடி லாரி வந்து இடிச்சா என்ன ஆகும்னும் யாரும் இடிச்சுப் பாக்கல. ஏழு சீட்டர்னு வித்துட்டு, அஞ்சு பேருக்கான மார்க் ஷீட்டைக் காட்டறாங்க. அந்த 5 நட்சத்திரமும் கடைசி வரிசையில இருக்கிற பாட்டியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது.

அதனால தலைப்புல நீங்க போட்ட கேள்விதான் சரியான கேள்வி. ஷோரூம்ல நீங்களே போய் நாலு விஷயம் பாருங்க. கடைசி சீட்டு தலைக்கும் பின் கண்ணாடிக்கும் எத்தனை அங்குலம்? அங்க தோள்பட்டை வழியா வர்ற மூணு முனை பெல்ட்டா? தலைத்தாங்கி உங்க பொண்ணு தலை உயரத்துக்கு வருதா, அதை மேல இழுத்தா நிக்குதா? பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி ஜன்னல் வரைக்கும் இறங்குதா? இந்தக் கடைசி விஷயத்துக்கு சேல்ஸ்மேன் வாயை நம்பாதீங்க, மேனுவல்ல படம் இருக்கும்.

வைகைவாசி

டாக்டரே, நீங்க சொல்றதக் கேட்டா வீட்ட விட்டே வெளிய வரக்கூடாது போல. அஞ்சு வருசமா குடும்பத்தோட போறேன், ஒரு கீறல் இல்ல. ஓட்டுறவன் ஒழுங்கா ஓட்டுனா எல்லா வண்டியும் சேஃப்டிதேன்.

டேஷ்போர்டுடாக்டர்

நீங்க ஒழுங்கா ஓட்டுவீங்க அண்ணே, சந்தேகமே இல்ல. எதிர்ல ராங் சைடுல வர்றவருக்கு யார் சொல்றது?

ஸ்டியரிங்சாமி (சேலம்)

வணக்கம். நான் தொழில்முறை டிரைவர். 19 வருசமா வண்டி ஓட்டறேன். முதல்ல குவாலிஸ், அப்புறம் பழைய இன்னோவா, இப்ப கிரிஸ்டா. மஞ்சள் போர்டு, நாலு லட்சத்து இருபதாயிரம் கி.மீ. தாண்டிருச்சு. நீங்க எல்லாம் புத்தகத்துல இருக்கறதைப் பேசறீங்க, நான் கண்ணாடியில பின்னாடி பாத்ததைச் சொல்றேன்.

மூணாவது வரிசையில உட்கார்ந்தவங்க தானா பெல்ட் போட்டு நான் பாத்ததே இல்லைங்க. ஏன்னு கேட்டீங்கன்னா பாதிப் பேருக்கு அங்க பெல்ட் இருக்கறதே தெரியாது. புது வண்டி வந்ததும் முதல் வேலையா சீட் கவர் போடறாங்க பாருங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. கவர் போடற பையன் பக்கிளை எல்லாம் சீட்டுக்கு அடியில தள்ளிட்டு மேல கவரை இழுத்துக் கட்டிடுவான். பாக்க வழுவழுன்னு அழகா இருக்கும். எங்க மொதலாளி வண்டியிலயே அப்படித்தான் இருந்துச்சு. ஒருநாள் கத்தரிக்கோல் எடுத்துக் கவரை ஓரமா வெட்டி வெளிய எடுத்தேன். மொதலாளி திட்டினார், பரவாயில்லை. சீட்டோட பக்கவாட்டுல ஏர்பேக் இருக்கற வண்டிக்குச் சாதாரண கவர் போட்டாலும் தப்பு, வெடிக்கறப்ப கவர் தடுக்கும். அதுக்குன்னு தையல் விட்ட கவர் தனியா இருக்குது, கேட்டு வாங்குங்க.

அடுத்தது சாமான். இது நான் பண்ணின தப்பு, ஒளிக்காம சொல்றேன். எட்டு வருசம் இருக்கும். உளுந்தூர்பேட்டை தாண்டி ராத்திரி ரெண்டு மணி. கடைசி வரிசையில ஒருத்தர்தான் இருந்தார். பாதி சீட்டை மடிச்சு அதுல இருபது லிட்டர் தண்ணி கேன், ஒரு எவர்சில்வர் அண்டா, கல்யாணச் சீர். கட்டலை. மாடு ஒண்ணு சென்டர் மீடியன்ல இருந்து இறங்கிருச்சு. பிரேக் அடிச்சேன், வண்டி நின்னுருச்சு, மாடும் தப்பிச்சுது. கேன் மட்டும் நிக்கலை. ரெண்டாவது வரிசை தலைத்தாங்கியில இடிச்சு வெடிச்சு, தூங்கிட்டு இருந்த அம்மா மேல இருபது லிட்டரும் கொட்டிருச்சு. தலைத்தாங்கி மட்டும் இல்லைன்னா அந்தக் கேன் எங்க போயிருக்கும்னு அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வரலை. அதுல இருந்து ரெண்டு ரப்பர் கயிறும் ஒரு வலையும் இல்லாம வண்டி எடுக்கறதில்லை.

மலை எறக்கத்தைப் பத்தி யாரும் சொல்லலை. ஏத்தறதை எல்லா வண்டியும் ஏத்திரும் சாமி, எறக்கறதுதான் வித்தை. ஏறின கியர்லயே எறங்கணும். ஆறு பேரை வச்சுக்கிட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா, பாதி வழியில கருகின வாசனை வரும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். வாசனை வந்தாலே ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்துங்க. சூட்டோட சக்கரத்துல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சுரும்.

காத்து! டிரைவர் கதவைத் தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ரெண்டு மூணு பேருக்கு ஒரு அளவு, முழு லோடுக்கு ஒரு அளவுன்னு போட்டிருப்பான். பங்க்ல "எவ்வளவு சார்?"னு கேட்டா "வழக்கம்போல"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. குறைஞ்ச காத்துல, முழு லோடுல, மே மாச வெயில்ல கான்கிரீட் ரோட்டுல 100ல போனா டயர் சும்மா இருக்காது.

டேஷ்போர்டுடாக்டர்

சாமி அண்ணா, உங்க பதிவைத் தனியாப் பின் பண்ணி வைக்கணும்.

தண்ணி கேனுக்கு ஒரு கணக்கு. 60 கி.மீ. வேகத்துல போற பொருள் சட்டுனு நின்னா, அது 14 மீட்டர் உயரத்துல இருந்து விழறதுக்குச் சமம். நாலு மாடிக்கு மேல. 80 கி.மீ.ல 25 மீட்டர். நாலாவது மாடியில இருந்து 20 கிலோ கேனை யாராவது தூக்கிப் போட்டா கீழ நிப்பீங்களா? மடியில குழந்தையை வச்சுக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். எந்தக் கையாலயும் பிடிக்க முடியாது.

பெல்ட் போடலைன்னா கத்தற சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் வித்துட்டு இருந்தாங்க, ஞாபகம் இருக்கா? 2023ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளை அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. பின் சீட்டுக்கும் பெல்ட் நினைவூட்டல் 2025 ஏப்ரல்ல இருந்து புது வண்டிகள்ல கட்டாயம். 14 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம இருந்தா 1,000 ரூபா அபராதம்னு மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவுல இருக்கு. ஒருத்தரையும் பிடிச்சு நான் பாத்ததில்ல, அது வேற விஷயம்.

அமுதாநெல்லை (திருநெல்வேலி)

நொய்யல்கரை அண்ணாச்சி, ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு ஏழு சீட்டர் ஓட்டுறவ சொல்லுதேன், கேளுங்க.

உங்க பையனுக்கு மூணு வயசு. குழந்தை சீட்டு வாங்கணும், ஐசோஃபிக்ஸ் கொக்கியில மாட்டணும். அந்தக் கொக்கி ரெண்டாவது வரிசை ஓரச் சீட்டுலதான் இருக்கும். இப்ப யோசிங்க. ரெண்டாவது வரிசை நீளப் பெஞ்சா இருந்தா, மூணாவது வரிசைக்குப் போக அந்த ஓரச் சீட்டத்தான் மடிக்கணும். குழந்தை சீட்ட மாட்டின பக்கம் மடிக்கவே முடியாது! கேரன்ஸ்ல ஒரு பட்டன அமுக்கினா சீட்டு தானா கவுந்து வழி விடும்னு விளம்பரத்துல காட்டுவாவ. அதுல குழந்தை சீட்டு இருந்தா பட்டனும் சும்மா, விளம்பரமும் சும்மா. நாங்க மாட்டின மறுநாளுதான் இது எங்களுக்கே வெளங்கிச்சு. எங்க மாமியா டிக்கி வழியா ஏறட்டுமான்னு கேட்டாவ.

அதனால ஆறு சீட்டர் பாருங்க. ரெண்டாவது வரிசையில தனித்தனியா ரெண்டு சீட்டு, நடுவுல நடந்து போற வழி. உங்க வீட்டு ஆளுக்குக் கணக்கு அப்படியே பொருந்துது: முன்னாடி நீங்களும் அப்பாவும். நடுவுல ஒரு சீட்டு பையன், ஒரு சீட்டு அம்மா. பின்னாடி உங்க வீட்டம்மாவும் பொண்ணும், நடு வழியா போயிருவாவ. அம்மாவ எக்காரணத்தக் கொண்டும் பின்னாடி அனுப்பாதிய. அங்க தரை உயரமா இருக்கும், முட்டி நெஞ்சுக்கு வரும். முட்டுவலிக்காரவங்களுக்கு அது தண்டனை. எக்ஸ்எல்6 இருக்கு, எர்டிகாவோட அண்ணன் தம்பி, ஆறு சீட்டு. கேரன்ஸ்லயும் ஆறு சீட்டு வருது.

டிக்கியப் பத்தி ஒண்ணு சொல்லிருதேன். எல்லா வரிசையும் நிமிந்து நின்னா எர்டிகாவுல 209 லிட்டரு, கேரன்ஸ்ல 216. ரெண்டு நடுத்தரப் பெட்டி, ஒரு பழக்கூடை, முடிஞ்சிச்சு. சிஎன்ஜி எடுத்தா அதுலயும் சிலிண்டரு. மேல கேரியர் போட்டுக் கட்டுவோம்னு நினைச்சியன்னா, மலை வளைவுல வண்டி சாயுறதும் கூடும். நாங்க மென்மையான பை மட்டும்தான் கொண்டு போவோம், சக்கரம் வச்ச பெட்டி கிடையாது.

சங்குப்பிட்டி (டொரன்டோ)

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச கனடாவில எங்கட சனத்தின்ர வீட்டு வாசல்களில அரைவாசி டொயோட்டா சியன்னா எண்ட மினிவான்தான் நிக்குது. எங்களிட்டயும் 2021 மொடல் ஒண்டு. 2.5 லீற்றர் ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின்சார மோட்டரும் சேர்ந்தது), 245 குதிரைவலு, நாலு சில்லுக்கும் இழுவை. கதவு பக்கவாட்டில வழுக்கித் திறக்கும். அம்மம்மா ஒருத்தற்ர உதவியும் இல்லாமல் ஏறி இறங்குவா. இந்தியாவில குடும்ப வண்டிகளுக்கு இந்த வழுக்கு கதவை ஏன் பெரிசாய்க் குடுக்கினமில்லை எண்டு எனக்கு விளங்கேல்லை. பார்க்கிங்கில பிள்ளையள் கதவைப் பக்கத்துக் காரில அடிக்கிற பிரச்சினையும் இல்லை.

டாக்டர் சொன்ன விசயத்துக்கு ஒண்டு சேர்க்கிறன். அமெரிக்காவில ஐஐஎச்எஸ் எண்டு காப்புறுதிக் கொம்பனியள் நடத்திற சோதனை நிலையம் இருக்குது. 2023இல ஓட்டுநருக்குப் பின் சீட்டில, 12 வயசுப் பிள்ளை அளவு பொம்மையை இருத்தி மோதிப் பாத்தவை. நாலு மினிவானில ஒண்டுகூட நல்ல பெறுபேறு எடுக்கேல்லை. பசிபிக்கா, கார்னிவல், சியன்னா மூண்டும் மட்டுமட்டு. ஒடிசி மோசம். முன் சீட்டில இருக்கிறவைக்கு பெல்ற்றும் ஏர்பாக்கும் வருசா வருசம் திருத்தித் திருத்தி நல்லாக்கிப் போட்டினம், பின்னுக்கு இருக்கிறவையை மறந்து போச்சினம். எங்கட வாகனத்தையும் சேர்த்துத்தான் சொல்லுறன். அதுக்காகப் பிள்ளையளை முன்னுக்கு இருத்தாதேங்கோ, அவையளுக்குப் பின் சீட்டுத்தான் இப்பவும் நல்லது.

இஞ்ச ஒன்ராறியோவில பிள்ளைக்கு எட்டு வயசு, இல்லாட்டி 36 கிலோ, இல்லாட்டி 145 சென்ரிமீற்றர் ஆகும்வரை பூஸ்ரர் சீட் சட்டம். உங்கட ஒன்பது வயசு மகளுக்கு உயரம் எவ்வளவு? பெல்ற் கழுத்தை அறுக்கிற மாதிரி வந்தால் வயசைப் பாராமல் ஒரு பூஸ்ரர் வாங்கிப் போடுங்கோ, பெரிய காசில்லை.

வைகைவாசி

சங்குப்பிட்டி அண்ணே, நம்ம ஊர்ல வழுக்குக் கதவு ஆம்னி வேன்ல இருந்துச்சுல. அதுல ஸ்கூல் பிள்ளைக 16 பேரு போவாக. அதப் பாத்துப் பாத்துத்தேன் வீட்டுக்கு வேணாம்னு ஆகிப்போச்சு போல!

மலைப்பாதை72

ஹைபிரிட் பேச்சு வந்ததால ஒரு வரி. ஹைக்ராஸ் ஹைபிரிட்ல சாமி அண்ணன் சொன்ன இறக்கத்துக்கு வேற கணக்கு. இறங்கறப்ப மோட்டார் ஜெனரேட்டரா மாறி, பேட்டரியை சார்ஜ் பண்ணிட்டே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். நீண்ட மலையில பாதி தூரத்துலயே பேட்டரி நிரம்பிடும். அதுக்கப்புறம் அந்தப் பிடிப்பு குறைஞ்சு, என்ஜின் சும்மா சுழன்று வேகத்தைத் தடுக்கும். சத்தம் திடீர்னு கூடும். பழுதுன்னு பயந்து நிறுத்தறவங்க இருக்காங்க, அது அப்படித்தான். ஊருக்குள்ள நின்னு நின்னு போறதுலதான் ஹைபிரிட்டுக்கு லாபம். நொய்யல்கரை தம்பியோட தினசரி ஓட்டத்துக்கு அதுதான் ஏத்தது, ஆனா பர்ஸுக்கு ஏத்ததில்ல.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. ஞாயித்துக்கிழமை நடந்ததைச் சொல்றேன்.

அப்பா, அம்மா, மனைவி, புள்ளைங்க, ஒரு டேப்பு, அக்கா வீட்ல இருந்து கடன் வாங்கின குழந்தை சீட்டு எல்லாத்தையும் கூட்டிட்டு ரெண்டு ஷோரூம் போனேன். முதல் இடத்துல சேல்ஸ் தம்பி தொடுதிரையைக் காட்டினார், சன்ரூஃபைத் தொறந்து காட்டினார். விளக்கு 64 கலர்ல மாறும்னார். நான் டேப்பை எடுத்துக் கடைசி சீட்டுக்குப் பின்னாடி அளக்க ஆரம்பிச்சதும் ஒரு மாதிரி பாத்தார். பொண்ணை அங்க உட்கார வச்சு அளந்தேன். தலைக்கும் கண்ணாடிக்கும் என் ஒரு சாண் கூட இல்லைங்க. திரை ஏர்பேக் எது வரைக்கும்னு கேட்டதுக்கு "ஃபுல்லா சார்"னார். மேனுவல் கேட்டேன், டெலிவரி அப்பத்தான் தருவோம்னுட்டார்.

ரெண்டாவது இடத்துல ஒரு பொண்ணு இருந்தாங்க, பொறுமையா மேனுவல் எடுத்துட்டு வந்து பக்கத்தைப் புரட்டிக் காட்டினாங்க. ஆறு சீட்டர் கேரன்ஸ்ல குழந்தை சீட்டை மாட்டினோம். டக்குனு சத்தம் கேட்டு உட்கார்ந்துச்சு. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் சொருகிட்டு, கதவுக்கு மேல இருக்கற கைப்பிடியைப் புடிச்சு, இடது கால் முதல்ல வச்சு ஏறினாங்க. இறங்கறப்பதான் தடுமாறினாங்க. உயரம் ரெண்டு அங்குலம் அதிகம், படி ஒண்ணு வேணும்னு அவங்களே சொல்லிட்டாங்க. மனைவியும் பொண்ணும் நடுவழியில ஒருக்களிச்சுப் பின்னாடி போயிட்டாங்க, சீட்டை மடிக்கவே இல்லை. அமுதா அக்கா, நீங்க சொன்னது அப்படியே.

டர்போ பெட்ரோலை ஓட்டிப் பாத்தேன், ஆறு சீட்டுல ஏழாவது ஆளா ஏற முடியாதுன்னு சேல்ஸ் பொண்ணு இறங்கிக்கிட்டாங்க. ஆறு பேரும் ஏசியோட மேம்பாலம் ஏறினோம். இழுவை தெரியவே இல்லை. விலைதான் 19ஐ எட்டிப் பாக்குது. எக்ஸ்எல்6 எடுத்தா மூணு லட்சத்துக்கு மேல மிச்சம், மலையில மலைப்பாதை அண்ணன் சொன்ன அலறல். இன்னும் ஒரு வாரம் யோசிக்கணும். மச்சானுக்கு இன்னும் சொல்லலை.

ஸ்டியரிங்சாமி

எந்த வண்டி எடுத்தாலும் டெலிவரி அன்னிக்கு சீட் கவர் வேண்டாம்னு சொல்லுங்க. ஃப்ரீயாத் தர்றேன்னாலும் வேண்டாம்.

டேஷ்போர்டுடாக்டர்

விலை இடிச்சா சன்ரூஃப் மாடலை விட்டு ஒரு படி கீழ இறங்குங்க. ஆனா இறங்கறப்ப எது எது போகுதுன்னு பட்டியலை வரி வரியாப் படிங்க. ஏர்பேக், ஈஎஸ்சி ரெண்டுல எது குறைஞ்சாலும் அந்த மாடல் வேண்டாம். மத்தது எல்லாம் பின்னாடி கடையில வாங்கிக்கலாம்.

நொய்யல்கரை

சரிங்க டாக்டர்.

சாமி அண்ணா, உங்க பதிவைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி எங்க பழைய காரோட பின் சீட்டைப் போய்ப் பாத்தேன். ஏழு வருசம் ஓட்டின வண்டி. கவரைத் தூக்கினா மூணு பக்கிளும் உள்ளாரத்தான் கெடந்துச்சு, ஒண்ணுல கவர் போட்டப்ப வச்ச பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கலை. கூடவே ஒரு ரெண்டு ரூபா காசு, பையனோட பாதி பிஸ்கட்டு, பொண்ணு மூணு வருசத்துக்கு முன்னாடி தொலைச்ச கொலுசு. காலையில ஸ்கூலுக்குப் போறப்ப பொண்ணுக்குப் பெல்ட் போட்டுவிட்டேன். "அப்பா, நம்ம கார்ல பின்னாடியும் இருக்கா?"ன்னு கேட்டா.